அக்கா பெயரில் மாமா வைத்த பாஸ்வேர்டு

எங்கள் அக்கா காஞ்சிபுரத்தில் நகராட்சி கவுன்சிலராக இருந்த காலத்தில் அந்த வீட்டில் ஏறக்குறைய எல்லாமே அவள் பெயரில்தான் இருந்தன. லெட்டர்பேடு அவள் பெயரில் அச்சடித்திருந்தது. ரப்பர் ஸ்டாம்பில் அவள் பெயர். டெலிபோன், ஸ்கூட்டர், வாசலில் தொங்கிய போர்டு எல்லாம் அவள் பெயரில். இவற்றில் எதையும் அவள் தொட்டதில்லை. அவை அக்காவின் கணவரான மாமாவின் கையில் இருந்தன.

அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. மாமா நிற்க ஆசைப்பட்ட வார்டும் அதுதான். ஆகவே அக்கா நின்றாள். சுவரொட்டியில் அக்கா கைகூப்பிச் சிரிக்க, அதே சுவரொட்டியில் மாமா அவளைவிடச் சற்றுப் பெரிதாகச் சிரித்தார். ஜெயித்த பிறகு, தெருவில் மாமாவைப் பார்த்தவர்கள் "கவுன்சிலரே" என்று கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். மாமாவுக்குத் தொழில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திர வாடகை. கல்யாண வீடுகளுக்குப் போய்ப் பழகியவர் என்பதால் யாரிடமும் சட்டென்று பேசிவிடுவார். நல்ல மனிதர் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் பத்திரிகை வேலைக்குப் போகக்கூடாது என்று அப்பா பிடிவாதமாக நின்றபோது, வாலாஜாபாத் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு ஸ்கூட்டரிலேயே வந்து, "என் வூட்ல ஒரு ரூம் சும்மாத்தான கெடக்குது, அங்க இருந்துக்கினு எழுதட்டும் மாமா" என்று பேசி முடித்தவர் அவர்தான்.

அப்படித்தான் நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். விபத்து, கோயில் உற்சவம், பட்டு கூட்டுறவுச் சங்கத் தேர்தல், ஏரி உடைப்பு, எல்லாம் எழுதுவேன். முதல் இரண்டு வருடம் கையால் எழுதி, பஸ் நிலையம் பக்கத்தில் இருந்த பூத்தில் ஃபேக்ஸ் அனுப்பினேன். பிறகு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

அதைப் பொருத்த வந்த கடைக்காரர், திரையில் ஒரு கட்டத்தைக் காட்டி, "யார் பேர்ல சார் போடறது?" என்று கேட்டார்.

"இதுல இன்னா கேள்வி? கவுன்சிலர் பேர்லதான்" என்றார் மாமா.

கடைக்காரர் அக்கா பெயரைத் தட்டினார். அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற வகையில் அக்கா பெயர் பதிவானது. அதாவது அந்த இயந்திரத்தில் எதை வேண்டுமானாலும் சேர்க்கவும் நீக்கவும், வேறு யாருக்கும் இடம் தரவும் தராமலிருக்கவும் உரிமை உள்ளவள் அவள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாத்துப் படம் தானாக வந்து உட்கார்ந்தது. அக்கா அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்து, "எதுக்கு வாத்து?" என்று கேட்டாள்.

கடைக்காரர் போன பிறகு மாமா ஒரு பாஸ்வேர்டு வைத்தார். லெட்டர்பேடு அலமாரிக்குப் பூட்டு போடுவதைப் போலத்தான் அதைச் செய்தார். அதில் கள்ளம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் செய்தி தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் அவர்தான் வந்து திறந்துவிடுவார். "அந்தாண்ட திரும்பிக்கோ பேப்பர்காரம்மா" என்பார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். விசைகள் மெதுவாக, ஒற்றை விரலில் ஒலிக்கும். பிறகு "ம், குந்து" என்று எழுந்துகொள்வார்.

என் செய்திகளும் மாமாவின் வாடகைப் பட்டியல்களும் வார்டு கடிதங்களும் ஒரே இடத்தில் கிடந்தன. எல்லாம் அக்காவின் பெயருக்குக் கீழே. அவற்றோடு சின்னதாக ஒரு படக்கோப்பும் இருந்தது. அது அக்காவின் கையெழுத்து. ஒரு முறை வெள்ளைத்தாளில் போடச் சொல்லி, ஸ்கேன் செய்து வைத்திருந்தார் மாமா. இருப்பிடச் சான்றுக்கோ பள்ளி சேர்க்கைக்கோ சிபாரிசுக் கடிதம் கேட்டு யாராவது வந்தால், கடிதத்தைத் தட்டி, கீழே அந்தப் படத்தை ஒட்டி அச்செடுத்துக் கொடுத்துவிடுவார். இது ரகசியம் இல்லை. அக்காவுக்கும் தெரியும். "எதுக்கு ஒவ்வொரு வாட்டியும் அடுப்பாண்டேந்து எழுந்து வரணும்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். பத்திரிகையில் ஒரே பிரமுகரின் ஒரே படத்தைப் பல வருடம் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அதுபோல வார்டு முழுக்க அக்காவின் ஒரே கையெழுத்து ஒரே சாய்வோடு போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கடிதங்களால் பலருக்கு நல்லது நடந்தது. அதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை, குடங்களோடு சில பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். நெசவாளர்கள் வாழும் ஒரு தெருவிலிருந்து வந்தவர்கள். அந்தத் தெருமுனையில் ஒரு பொதுக்குழாய் உண்டு. காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அதற்கு நேர் எதிரே புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார்கள். முகூர்த்த நாளில் குட வரிசை மண்டப வாசலை மறைத்தது. கார்கள் திரும்ப முடியவில்லை.

மாமா கடைக்குப் போயிருந்தார். அக்கா வெளியே வந்தாள்.

முன்னால் நின்ற பெண் கேட்டாள்: "எக்கா, நாங்க உனுக்கு இன்னா பண்ணோம்? ஓட்டு போட்டது தப்பா?"

"என்னாச்சிம்மா?"

"கொழாய அந்தக் கோடிக்கு மாத்தச் சொல்லி நீ எழுதிக் குடுத்துட்டியாமே. மேடு அது. அங்க தண்ணி ஏறாது. ஏறுனாலும் தறிய வுட்டுட்டு அவ்ளோ தூரம் யார் போறது? இழை அறுந்தா நீ வந்து முடிச்சிப் போடுவியா?"

பின்னாலிருந்து இன்னொருத்தி, "மண்டபத்துல பந்தி சாப்பாடு நல்லா இருந்திச்சா கவுன்சிலரம்மா?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள்.

"நான் எதுவும் எழுதலையே" என்றாள் அக்கா.

"உன் கையெழுத்து கீதுன்றாங்க. எங்க வூட்டுக்காரரு ஆபீஸ்ல பாத்துட்டு வந்தாரு."

"சாயந்திரத்துக்குள்ள விசாரிச்சி சொல்றேன்" என்றாள் அக்கா. அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராகக் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"தொற" என்றாள் என்னிடம்.

நான் பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது. வாத்தும் அவள் பெயரும் மட்டும் இருந்தன. அதைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்டது.

"என் பேர்தானே இது?"

"ஆமா."

"அப்போ எங்கிட்டயே எதுக்குக் கேக்குது?"

எனக்கும் பாஸ்வேர்டு தெரியாது என்று சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி இருந்தது. "இது இன்னா?" என்று கேட்டாள். மறந்துபோனால் நினைவுபடுத்த ஒரு குறிப்பு வைக்கலாம், அதுதான் என்றேன். அந்தக் குறிப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது மாமாவுக்குத் தெரிந்திருக்காது. அக்கா அதை அழுத்தினாள். ஆங்கில எழுத்தில் "வண்டி" என்று வந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு கோபத்திலும் வந்தது. ஸ்கூட்டரின் எண்ணை எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள். உள்ளே போனது. "வண்டியும் என் பேர்லதான்" என்றாள்.

கடிதம் எளிதில் கிடைத்தது. பொதுமக்களின் நலன் கருதி, போக்குவரத்துக்கு இடையூறாக உள்ள குழாயைத் தெருவின் மறுகோடிக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன் என்றிருந்தது. கீழே அவள் கையெழுத்து. அவள் அதை இரண்டு தரம் படித்தாள். "நல்லாத்தான் எழுதிக்கிறாரு" என்றாள்.

மத்தியானம் சாப்பிட வந்த மாமா, அறைவாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா நாற்காலியில் இருந்தாள். திரையில் கடிதம் இருந்தது.

"எப்படித் தொறந்த?"

"வண்டி ஓட்டிக்கினு வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"ஏங்க, இத எப்போ எழுதனீங்க?"

"போன வாரம். மண்டபத்துக்காரரு கேட்டாரு. வருசம் முழுக்க நம்ம பந்தல் தான்னு சொல்லிக்கிறாரு. கொழா எங்க இருந்தா இன்னா, தண்ணி ஒண்ணுதான?"

"அந்தக் கோடி மேடுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

மாமா அந்த வார்டிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"எல்லாத்தையுமா கேட்டேன்? இத்தினி வருசமா நான்தான பாத்துக்கினு இருக்கேன். உனுக்கு இன்னா தெரியும்னு கேக்கறது?"

இந்தக் கடைசி வாக்கியம் வாயிலிருந்து வந்த உடனே அவருக்கே பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. கையிலிருந்த சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இப்போ நான் ஆபீசுக்குப் போய் அது என் லெட்டர் இல்லன்னு சொன்னா, போலிக் கையெழுத்துன்னு உங்களப் புடிப்பாங்க. என் லெட்டர்தான்னா, கொழா போயிடும். அந்தத் தெருவுல இனிமே நான் தல நிமிந்து நடக்க முடியாது. நான் எதச் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். இந்த இயந்திரத்தில் ஒரே பெயர்தான் இருக்க முடியுமா என்று கேட்டாள். எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றேன். என் நாளிதழின் அலுவலகத்தில் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் முழு அதிகாரம். மற்றவர்களுக்கு அவரவர் பெயரில் சாதாரண அனுமதி. அவர்கள் எழுதலாம், அச்செடுக்கலாம். ஆனால் புதிதாக எதையும் நிறுவ முடியாது. அடுத்தவர் தனியாக வைத்துக்கொண்டதைத் திறக்க முடியாது. முழு அதிகாரம் உள்ளவர் நினைத்தால் எல்லாருடையதையும் திறக்கலாம்.

"முழுசா யாருக்காவது ஒருத்தருக்கு இருந்தே ஆவணுமா?"

"ஆவணும்."

"சரி. அது எனக்கு இருக்கட்டும். அவருக்கு அவரு பேர்ல ஒண்ணு போடு. உனக்கு ஒண்ணு போடு."

"எனுக்கே பூட்டா?" என்றார் மாமா.

"உங்களுக்குப் பூட்டு இல்ல. என் பேருக்குப் பூட்டு."

நான் சொல்லச் சொல்ல, அழுத்தியவள் அவள்தான். ஒவ்வொரு அழுத்தலுக்கும் முன்னால் திரையில் இருந்ததைப் படிக்கச் சொல்லி, அர்த்தம் கேட்டுக்கொண்டாள். புதிய பாஸ்வேர்டு வைக்கும்போது எங்கள் இருவரையும் பார்த்து, "அந்தாண்ட திரும்பிக்குங்க" என்றாள். மாமாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றோம். எனக்குப் பழக்கம்தான். அவருக்குப் புதிது. "இன்னாமா இது, ஸ்கூல்ல நிக்க வெச்ச மாதிரி" என்று முணுமுணுத்தார். குறிப்புக் கட்டத்தை அவள் காலியாக விட்டாள்.

கையெழுத்துப் படத்தை அழித்தாள். நிஜமாகப் போய்விட்டதா என்று குப்பைத்தொட்டியிலும் பார்த்து, அங்கிருந்தும் அழித்தாள்.

மாமாவின் பெயர் திரையில் வந்தது. அவருக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது வெகுநேரம் பார்த்து மோட்டார் பைக்கை எடுத்தார். அந்த வீட்டில் சமீப காலத்தில் அவர் பெயரில் வந்த ஒரே பொருள் அதுதான் என்று எனக்குப் பட்டது. அவருக்கும் பட்டிருக்க வேண்டும். அக்கா எழுந்து போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அவருக்கு இன்னொரு கவலை வந்தது. நான் இதைச் செய்தியாக எழுதிவிடுவேனோ என்று. அடுக்களையில் அவர் அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது. தாழ்ந்த குரல் அவருக்கு வராது.

"பேப்பர்காரி உள்ள இன்னா எழுதி வெச்சிக்கினு இருக்கான்னு ஒரு தபா பாத்துடேன். உன்னாலதான் தொறக்க முடியுமாமே."

"முடியும்."

"அப்போ பாரு."

"முடியும்னுதான் சொன்னேன். பாக்கறேன்னு சொன்னனா? அவள நேரா கேளுங்க. பக்கத்து ரூம்லதான கீறா."

அவர் வந்து கேட்டார். கூச்சத்தோடு, கதவுக்கு வெளியே நின்று கேட்டார். சொந்த வீட்டு விஷயத்தை எழுதக்கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் விதி, அதனால் எழுதமாட்டேன் என்றேன். கேட்காமலேயே உட்கார்ந்து என் கோப்பைத் திறந்தும் காட்டினேன். திருப்பருத்திக்குன்றம் சாலையில் சாய்ந்துபோன மின்கம்பம் பற்றி நாலு வரி இருந்தது. "இதுக்காடா பயந்தோம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அடுக்களையில் அக்கா சொன்ன அந்தச் சில வார்த்தைகளுக்காக நான் அவளுக்கு இன்றும் நன்றி உள்ளவள். அடுத்தவர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே பெட்டியைப் பூட்டினால் சந்தேகம், பூட்டாவிட்டால் பயம். எனக்கு அந்த வீட்டில் ஒரு அறை ஏற்கெனவே இருந்தது. நான் எழுதியதை நான் சொன்னால் ஒழிய யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நிம்மதி அன்றைக்குத்தான் கிடைத்தது. பிறகு வந்த வருடங்களில் நான் எழுதிய உருப்படியான செய்திகள் எல்லாம் அந்த நிம்மதியில் எழுதியவை.

மறுநாள் அக்கா நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினாள். மாமா ஸ்கூட்டரை எடுத்தார். நான் செய்திக்காக வழக்கமாகப் போகும் இடம் அது. அவர்களுக்கு முன்பே போய் பொறியாளர் அறையில் ஓரத்து பெஞ்சில் இருந்தேன்.

பொறியாளர் எழுந்து வணங்கி, வழக்கம்போல மாமாவைப் பார்த்து, "சொல்லுங்க சார்" என்றார். மாமா கதவருகிலேயே நின்றுகொண்டார். கையை அக்காவின் பக்கம் காட்டினார்.

அக்கா உட்கார்ந்தாள். குழாய் விஷயமாக வந்திருப்பதாகவும் அதை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னாள். பொறியாளர் கோப்பைப் பிரித்தார்.

"நீங்களே கேட்டிருக்கீங்களே மேடம். இது உங்க கையெழுத்துதானே?"

மாமா ஜன்னலைப் பார்த்தார். நான் என் பேனாவை மூடினேன்.

"கையெழுத்து என்னுதுதான் சார்" என்றாள் அக்கா. "ஆனா அந்த லெட்டர நான் படிக்கல. படிக்காத லெட்டர்ல என் கையெழுத்து இருக்குது. அது என் தப்புதான். அத வாபஸ் வாங்கிக்கிறேன். வேற எழுதித் தரேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை நான் கவனித்தேன். வாக்கியங்களைச் சரிபார்ப்பது என் தொழில். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் இதைத் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பொறியாளர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். அக்கா கையாலேயே எழுதினாள். அந்தக் கோடி மேடு, தண்ணீர் ஏறாது, குழாய் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும், மண்டபத்துக்காரர் வண்டிகளைப் பின்பக்கச் சந்தில் விடலாம் என்று எழுதினாள். சந்து பற்றிய யோசனை மாமாவுடையது. ஸ்கூட்டரில் வரும்போது சொன்னாராம். கீழே கையெழுத்துப் போட்டாள். நீண்ட நாள் போடாததால் அது கொஞ்சம் அகன்று, கடைசி எழுத்து கீழே இறங்கி, படத்தில் இருந்ததைப் போல இல்லாமல் இருந்தது. பொறியாளர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். பிறகு பழையதின்மேல் வாபஸ் என்று எழுதி, இரண்டையும் சேர்த்துக் கட்டினார். எதுவும் கேட்கவில்லை. அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

குழாய் அங்கேயே இருந்தது. மண்டபத்துக்காரர் சில மாதம் மாமாவிடம் பேசவில்லை, பந்தலை வேறு ஆளிடம் எடுத்தார். மாமா அதைப் பற்றி அக்காவிடம் ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஊரில் அவரை ஒத்த பல கணவன்மார்கள் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். செய்தி சேகரிக்கப் போன இடங்களில் பார்த்திருக்கிறேன். அவர் தன் சாதாரண அனுமதியை ஏற்றுக்கொண்டார். புதிய பிரிண்டர் வாங்கிய அன்று கம்ப்யூட்டர் அதை நிறுவ மறுத்தபோது, "அம்மா அட்மினிஸ்ட்ரேட்டர், கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று கூடத்தில் நின்று கூப்பிட்டார். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடிதங்களை அவர்தான் தொடர்ந்து தட்டினார், தன் பெயரில் நுழைந்து. அவர் நன்றாக எழுதுவார், அதை அக்கா ஒருபோதும் மறுத்ததில்லை. அச்செடுத்துக் கொண்டுபோய் அடுக்களை வாசலில் நிற்பார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வாங்கிப் படிப்பாள். முதலில் வேகமாகப் படித்தாள். பழகப் பழக மெதுவாகப் படித்தாள். சில சமயம் ஒரு வரியில் விரலை வைத்து, "இவங்க யாரு? வாடக வூடா, சொந்த வூடா?" என்று கேட்பாள். அவர் சொல்வார். தெரியாவிட்டால் "கேட்டுக்கினு வரேன்" என்று செருப்பை மாட்டுவார்.

பதவிக்காலம் முடியும் தறுவாயில் ஒரு மத்தியானம், நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அக்கா நின்றபடி ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கமும் இருந்தது. மாமா பேனாவின் மூடியைக் கழற்றி, அவள் கைக்கு எட்டும்படி நீட்டிக்கொண்டு நின்றார். அவள் இன்னும் முதல் பக்கத்தில்தான் இருந்தாள்.